ரெண்டு நூல்

கீழக்கரையில் எந்தச் சுவரும்
மூலைமட்டத்துக்கு மரியாதை கொடுப்பதில்லை.
கடல்கல் அடுக்கிச் சுண்ணாம்பில் எழுப்பியது,
ஓரிடத்தில் தொப்பை தள்ளும், ஓரிடத்தில் உள்வாங்கும்.
அதன் காலடியில்
தேக்குக் கட்டம் அச்சடித்த வினைலை விரித்து
முட்டி போட்டு உட்கார்ந்தேன்.

ரோலை முந்தின நாளே இறக்கியாயிற்று.
ஒரு ராத்திரி அறையில் கிடந்து
இந்த வெக்கைக்கு அது பழக வேண்டும்.
இல்லாவிட்டால் போட்ட பிறகு பழகும்,
நடுவில் அப்பளமாய் எழும்பும்.

மணல்தான் முதல் எதிரி.
கச்சான் வீசும் மாசம்,
சாத்திய ஜன்னலுக்கும் சந்து கண்டுபிடிக்கும்.
மூன்று தடவை பெருக்கி, ஈரத்துணி போட்டு,
கடைசியில் உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன்.
ஒரு பொடி தங்கினாலும்
ஆறு மாசத்தில் தேக்குக்கு மரு முளைக்கும்.

ருகையா வாசலில் நின்று போனைத் திருப்பிக் காட்டினாள்.
ஷார்ஜாவிலிருந்து அவள் மச்சான் குரல்:
"ஓரம் பிசிறக் கூடாது தம்பி, ஓரம்தான் மானம்."
சரிங்க பாய்.

பழைய சுவருக்குச் சோடா மூடி.
நடுவில் ஓட்டை போட்டுப் பென்சிலைச் சொருகி
சுவரோரமாய் உருட்டிக்கொண்டே போனால்
அதன் தொப்பை அப்படியே ஷீட்டில் இறங்கிவிடும்.
அந்தக் கோட்டில் கத்தியை விட வேண்டியதுதான்,
ரெண்டு நூல் தள்ளி.
சித்திரையில் வினைல் பெருக்கும்,
சுவரை முட்டாதிருக்க ரெண்டு நூல்.
ஸ்கர்ட்டிங் பட்டி மறைத்துக்கொள்ளும்.

சிக்கல் கிழக்குச் சுவரில்.
அது மட்டும் செங்கல். பிற்பாடு வந்தது.
உம்மாவின் வீட்டை
அந்தப் பக்கம் லாத்தா ஜெசீமாவுக்கு,
இந்தப் பக்கம் ருகையாவுக்கு என்று
பிரித்துக் கொடுத்த நாலரை அங்குலச் சுவர்.
கதவடியில் பத்தடி.
ஜன்னலடியில் பத்தடி ரெண்டு அங்குலம்.
கொத்தனார் கயிறு பிடித்த அன்று
யாரோ ஒரு முனையை இழுத்திருக்க வேண்டும்.
ஷீட் நேராகப் போகிறது,
சுவர் விலகிப் போகிறது,
இடையில் மீன் அறுக்கும் கத்தி போல ஒரு காலியிடம்.

"அந்த மூலையில பீரோவை வச்சுக்கலாம்" என்றாள்,
நான் எதுவும் கேட்காமலே.
ரெண்டு அங்குலம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

எனக்கும்.
போன மாசம் அந்தப் பக்கம் போட்டதும் நான்தான்.
ராமநாதபுரத்தில் அதே கடை, அதே தேக்கு,
ஒருத்திக்கு ஒருத்தி சொல்லாமல் எடுத்தது.
அங்கே ஜன்னலடியில் ரெண்டு அங்குலம் குறைச்சல்.
பதினோரு அடிக்கு ஆப்பு மாதிரி நறுக்கி எடுத்தேன்.
எறிய மனசு வரவில்லை. மனசு என்ன மனசு,
குப்பை வண்டி வரவில்லை.
சுருட்டி லோடு ஆட்டோவில் சொருகியது
சொருகியபடியே கிடந்தது.

கொண்டுவந்து விரித்தேன்.
நேர்விளிம்பு ஷீட்டோடு, சாய்விளிம்பு சுவரோடு.
கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே இழுத்ததும்
கட்டம் கட்டத்தில் போய் உட்கார்ந்தது.
அங்கே விட்ட ரெண்டு நூல்,
இங்கே விட வேண்டிய ரெண்டு நூல்,
ஆக நாலு நூல் சீவினேன். அவ்வளவுதான்.

"ஏது இந்தத் துண்டு?"
கழிவுங்க. காசு இல்லை.

குனிந்து பார்த்தாள்.
ஜன்னலடியில், ஒரு கட்டத்தின் நடுவில்
சிவப்பு நெயில் பாலிஷ், ஒரு சொட்டு.
நான் அறுத்துக்கொண்டிருக்கப் பக்கத்தில் உட்கார்ந்து
கால்நகத்துக்குப் பூசிய ஜெசீமாவின் மகள் சிந்தியது.
தின்னர் தொட்டால் போய்விடும் என்றேன்.
ருகையா பெருவிரலால் ஒருமுறை தேய்த்தாள்.
மறுமுறை தேய்க்கவில்லை.

"ஓரம் எப்படி வந்திருக்கு, காட்டு" என்றது போன்.
மேற்குச் சுவரைக் காட்டினாள்.

அப்புறம், பீரோ அங்கே வேண்டாம்,
எதிர்ப்பக்கம் போடுங்க என்றாள்.
இரும்புப் பீரோ, ஆளுயரக் கண்ணாடி வேறு.
தனி ஆள் நான்.
அடியில் சாக்கு மடித்துப் போட்டு
புதுத் தேக்கில் கீறல் விழாமல்
அங்குலம் அங்குலமாக இழுத்தேன்.
சுவருக்கு அந்தப் பக்கம்
ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது.